உறைமோர் அல்ல: எபாக்சி ரெசின் வேலையில் அளவும் வெப்பமும்

எபாக்சி ரெசின் 'காய்ந்துவிட்டது' என்று பட்டறைகளில் சொல்வது வழக்கமே எனினும், ஒரு பொருளிலிருந்து நீரோ கரைப்பானோ வெளியேறுவதையே காய்தல் என்ற சொல் குறிப்பதால், இந்தப் பொருளின் செயலை அச்சொல் சரிவரச் சுட்டுவதில்லை. சுண்ணாம்புப் பூச்சு காய்கிறது, ஈரத்துணி காய்கிறது, எபாக்சியோ தன்னிலிருந்து ஏறக்குறைய எதையும் வெளியே விடாமல், ஊற்றிய எடை ஊற்றியவாறே இருக்கத் திரவத்திலிருந்து திடமாக மாறுகிறது. ரெசின் எனப்படும் கெட்டியான திரவத்தின் மூலக்கூறு ஒவ்வொன்றின் இரு முனைகளிலும், இரண்டு கார்பன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த முக்கோண வளையம் ஒன்று இருக்கிறது; இதுவே எபாக்சி வளையம். ஹார்டனர் என்று வழங்கும் இறுகுபொருளிலுள்ள அமீன் தொகுதிகள், அதாவது நைட்ரஜனோடு ஹைட்ரஜன் இணைந்திருக்கும் பகுதிகள், இறுக்கத்தில் இருக்கும் அந்த வளையத்தைத் திறந்து அதனோடு பிணைந்துகொள்கின்றன. ஒரு ஹார்டனர் மூலக்கூறு பல ரெசின் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ள, அவை ஒவ்வொன்றும் மறுமுனையில் வேறொரு ஹார்டனரைப் பற்றிக்கொள்ள, மூன்று திசைகளிலும் விரியும் ஒரு வலை உருவாகிறது. வேதியியலில் குறுக்குப் பிணைப்பு என்று சொல்லப்படுவது இதுதான். இவ்வாறு இறுகிய எபாக்சியை மீண்டும் உருக்க முடியாமல் போவதற்கும், எந்தக் கரைப்பானிலும் அது கரையாமல் நிற்பதற்கும் இந்த வலையே காரணம்.

இப்பொருளின் பிறப்பு கைவினைக்காக நிகழ்ந்ததன்று. 1930-களில் சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டன் பல்செட்டுக்கு ஏற்ற பொருளொன்றைத் தேடி இதனை அடைந்தார். அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ மேற்பூச்சுகளுக்காக இதே வழியில் சென்றார். காஸ்டனின் காப்புரிமையைப் பெற்ற பாசல் நகரத்துச் சீபா நிறுவனம் 1940-களின் நடுப்பகுதியில் அரால்டைட் என்ற பெயரில் வெளியிட்ட பசை, பிற்காலத்தில் இந்திய வீடுகளின் மேசை இழுப்பறை வரை வந்து சேர்ந்தது. மரவேலைக்கும் எபாக்சிக்கும் இடையில் உறுதியான உறவை ஏற்படுத்தியவர்கள் என்று மிச்சிகன் மாநிலத்தின் பே சிட்டியில் படகு கட்டிய கூஜான் சகோதரர்களைச் சொல்லலாம். மரத்தை எபாக்சியால் முழுதும் மூடி ஈரம் புகாமல் காக்கும் முறையை அவர்கள் 1969-க்குப் பின் வளர்த்தெடுத்தார்கள். இன்று பொழுதுபோக்காக ரெசின் வார்ப்பவர் கடைப்பிடிக்கும் ஒழுங்குகள் பலவும் படகுக் கொட்டகைகளில் கற்றுக்கொள்ளப்பட்டவையே.

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ரெசின் என்ற சொல் நெடுங்காலமாகக் குறித்துவந்தது எபாக்சியை அன்று, பாலியெஸ்டரை. தண்ணீர்த் தொட்டிகளும், கூரைத் தகடுகளும், 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்ட ஃபைபர் படகுகளும் கண்ணாடியிழைப் பாயில் பாலியெஸ்டரை ஊறவைத்துச் செய்யப்படுபவை. இக்கட்டுரையாளரும் அம்பத்தூர்ப் பகுதியின் சிறு பட்டறை ஒன்றில் பாலியெஸ்டர் வேலையில் கை பழகிய பிறகே எபாக்சிக்கு வந்தவர்; அந்தப் பழக்கம் புதிய வேலையில் துணையாக இல்லாமல் தடையாகவே நின்றது. பாலியெஸ்டரில் சேர்க்கப்படும் 'கேட்டலிஸ்ட்' என்னும் பெராக்சைடு, வினையைத் தொடங்கிவைக்கும் பொருள் மட்டுமே. ரெசின் மூலக்கூறுகள் தமக்குள்ளும் தம்மோடு கலந்திருக்கும் ஸ்டைரீனோடும் தாமாகப் பிணைந்துகொள்கின்றன. எனவே மழைநாளில் நூற்றுக்கு 2 பங்கும், கோடையில் 1 பங்கும் என அதனைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றிக்கொள்ள இடமுண்டு. பாலில் ஊற்றும் உறைமோரைப் போன்றது அது: சற்றுக் கூடினால் தயிர் விரைந்து உறையும், குறைந்தால் தாமதமாகும், எப்படியும் தயிராகிவிடும். எபாக்சியின் ஹார்டனர் உறைமோர் அல்ல. ரவிக்கையின் ஊக்கும் கண்ணும் போல ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் அது ரெசினோடு மாட்டிக்கொள்கிறது. ஊக்கு மிகுந்தாலும் கண் மிகுந்தாலும் மாட்டாமல் தொங்கும் முனைகள் வலைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. பொருள் ரப்பர்போல் தளர்ந்தோ, மேலே பிசுபிசுப்போடோ, அன்றி நொறுங்கும் தன்மையோடோ நின்றுபோகிறது. விரைவில் இறுக வேண்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றுவது பாலியெஸ்டர்க் கை செய்யும் முதல் பிழை. அப்பிழையின் விளைவாக மூன்று வாரம் கழித்தும் விரல் ரேகை பதியும் நிலையில் இருந்த வார்ப்புகளை அந்தப் பட்டறை எண்ணிக்கையில்லாமல் தூக்கி எறிந்திருக்கிறது.

இந்தக் கணக்கை எண்களால் விளங்கிக்கொள்வது கடினமன்று. கடைகளில் கிடைக்கும் சாதாரணத் திரவ எபாக்சியில் ஏறக்குறைய 188 கிராமுக்கு ஒரு மோல் வளையம் என்ற விகிதம் அமைந்திருக்கிறது. வேதியியலில் மூலக்கூறுகளைத் தொகையாக எண்ணும் அலகே மோல். பொறியியல் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களில் எல்ஒய் 556 என்னும் ரெசினோடு வழக்கமாகச் சேர்க்கப்படும் எச்ஒய் 951 என்னும் ஹார்டனர், ட்ரைஎத்திலீன்டெட்ரமீன் என்ற பொருள். அதன் மூலக்கூறு எடை 146, வளையத்தைத் திறக்கவல்ல ஹைட்ரஜன்கள் அதில் ஆறு. 146-ஐ ஆறால் வகுத்தால் ஏறக்குறைய 24 கிடைக்கிறது. ஆகவே 188 கிராம் ரெசினுக்கு 24 கிராம் ஹார்டனர், அதாவது நூற்றுக்குப் 13 என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் நூற்றுக்குப் 10 முதல் 12 வரை சேர்க்கிறார்கள். பத்துக்கும் பதின்மூன்றுக்கும் இடைப்பட்ட இந்தக் குறுகிய சந்துக்குள் தேநீர்க் கரண்டியாலும் கண் மதிப்பாலும் நடக்க முடியாது என்பதை உணர்ந்த பிறகுதான், அந்தப் பட்டறை நகைக்கடைத் தராசுக்கு ஒப்பான சிறு மின்தராசு ஒன்றை வாங்கியது. அதைப் போல் பயன் தந்த கருவி அங்கே வேறொன்றும் இருந்ததில்லை.

தராசு வந்த பிறகும் ஒரு குழி காத்திருந்தது. பொழுதுபோக்கு ரெசின்களின் புட்டியில் '2:1' என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் கன அளவைக் குறிக்கிறது; ஆனால் ரெசின் நீரைவிடக் கனமானது, ஹார்டனரோ நீருக்குச் சமமாக அல்லது சற்று இலேசாக இருப்பது. 200 மில்லிலிட்டர் ரெசின் ஏறக்குறைய 230 கிராம் எடையும், 100 மில்லிலிட்டர் ஹார்டனர் ஏறக்குறைய 96 கிராம் எடையும் இருக்குமானால், அதே 2:1 என்ற விகிதத்தைத் தராசில் வைத்து 230-க்கு 115 என்று நிறுத்தவர் ஐந்தில் ஒரு பங்கு ஹார்டனரை மிகுதியாகச் சேர்த்துவிடுகிறார். கருத்தோடு நிறுத்தும் வேலை கெட்டுப்போகும்போது புதியவர் பொருளையே பழிக்கிறார். கலக்குவதிலும் இதே நுணுக்கம் தேவைப்படுகிறது. குவளையின் ஓரத்திலும் அடி விளிம்பிலும் ஒட்டிய ரெசின் ஹார்டனரைக் காணாமலே தங்கிவிடுமாதலால், மூன்று நிமிடம் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்கி, பிறகு வேறொரு சுத்தமான குவளைக்கு மாற்றி மறுபடியும் ஒரு நிமிடம் கலக்குவது நல்ல வழக்கம். முதற்குவளையைக் கடைசிச் சொட்டு வரை வழித்து வார்ப்பின்மேல் ஊற்றும் சிக்கனம், பளபளப்பான பரப்பின் நடுவே என்றும் இறுகாத ஒட்டுப்புள்ளியாக வெளிப்படும்.

ரெசினும் ஹார்டனரும் இரு பொருள்கள் என்றால், மூன்றாவது பொருள் வெப்பம். இதைத் தமிழ்நாட்டில் வேலை செய்பவர் பிற எவரையும்விடக் கூடுதலாக மனத்தில் கொள்ள வேண்டியிருக்கிறது. புட்டியின்மேல் எழுதப்படும் வேலைநேரம், அதாவது கலந்த ரெசின் குவளையில் கெட்டிப்படாமல் நிற்கும் காலம், பொதுவாக 25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் அளவுக்குக் கணக்கிடப்பட்டது. சென்னையில் ஏப்ரலில் தொடங்கி மாதக்கணக்கில் பகல் வேளையில் தகரக் கொட்டகைக்குள் 25 டிகிரி என்பது நினைத்துப் பார்க்கக்கூட முடியாதது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வினையின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்ற பொது விதியின்படி, முப்பது நிமிடம் என்று புட்டி சொல்வது 35 டிகிரியில் பதினைந்து நிமிடமாகச் சுருங்குகிறது. அதோடு நிற்பதில்லை. எபாக்சி வளையம் திறக்கும்போது வெப்பம் வெளிப்படுகிறது. இத்தகைய வினை வெப்ப உமிழ் வினை எனப்படும். வெளிப்பட்ட வெப்பம் குவளையின் நடுவில் சிக்கிக்கொண்டு வினையை இன்னும் வேகப்படுத்த, அந்த வேகம் மேலும் வெப்பத்தை எழுப்ப, சில நிமிடங்களுக்கு முன் தேன்போல் இருந்த திரவம் திடீரெனப் புகைந்து, நுரைத்து, குவளையை உருக்கிக்கொண்டு கீழே இறங்குகிறது. அப்போது உள் வெப்பநிலை 150 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. இதே கலவையை அகன்ற தட்டில் மெல்லியதாகப் பரப்பினால் வெப்பம் சிதறிவிடுமாதலால் பலமடங்கு நேரம் திரவமாகவே இருக்கும். கலந்தவுடன் தட்டுக்கு மாற்றிவிடுதல் என்ற எளிய பழக்கம் ஒன்றே கோடைக்கால இழப்புகளில் பாதியைத் தடுத்தது.

ஆழமான வார்ப்புகள் விரிசல் விடுவதற்கும் உள்ளே சிக்கும் இந்த வெப்பமே காரணம். மேற்பூச்சுக்கென விற்கப்படும் ரெசின்களைச் சில மில்லிமீட்டருக்கு மேல் ஒரே முறையில் ஊற்றலாகாது. ஆழ்வார்ப்புக்கென மெதுவாக வினைபுரியும் ஹார்டனர்கள் தனியே கிடைக்கின்றன. பொறுமையில்லாதவருக்கு அவை சலிப்பூட்டும், ஏனெனில் அவை இறுக இரண்டு மூன்று நாட்கள் ஆகின்றன. அந்த நிதானமே அவற்றின் மதிப்பு.

மரத்தின்மேல் ஊற்றும்போது வெப்பம் வேறொரு வழியாகக் குறுக்கிடுகிறது. மரத்தின் நுண்துளைகளில் காற்று இருக்கிறது. காலையில் ஊற்றினால், பொழுது ஏற ஏற மரம் சூடாகி அந்தக் காற்று விரிந்து, இறுகிக்கொண்டிருக்கும் ரெசினுக்குள் ஊசிமுனைக் குமிழ்களை வரிசையாக அனுப்புகிறது. பொழுது சாய்ந்தபின், மரம் குளிரத் தொடங்கும் வேளையில் ஊற்றினால், சுருங்கும் காற்று ரெசினைத் துளைக்குள் இழுத்துக்கொள்கிறது, பிடிப்பும் கூடுகிறது. வாகைப் பலகையிலும் மாம்பலகையிலும் காலை வேலையையும் மாலை வேலையையும் அருகருகே வைத்துப் பார்த்தவருக்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை. மெல்லிய முதற்பூச்சால் துளைகளை அடைத்துவிட்டுப் பிறகு ஊற்றுவது இன்னும் பாதுகாப்பானது. தேக்கு தன் எண்ணெய்ப் பசையால் பிடிப்பைக் குறைக்குமாதலால், அதனை அசிடோனால் துடைத்த கையோடு பூச வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இடர் திசை மாறுகிறது. இறுகிய பரப்பின்மேல் மெழுகு தடவியது போன்ற மங்கல் படலம் ஒன்று தோன்றுவதைப் பலர் ரெசினின் குறை என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது, மேற்பரப்பில் இருந்த அமீன் காற்றின் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் கூடி உண்டான உப்பு. நீரில் கரையக்கூடியது ஆதலால் வெந்நீரும் தேய்ப்பு நாரும் போதும். ஆனால் கழுவுமுன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் படலம் பரப்பின் கீறல்களுக்குள் அழுந்தி, அதன்மேல் பூசும் அடுத்த பூச்சு தோல்போல் உரிந்து வருகிறது. முதலில் கழுவுதல், பிறகு தேய்த்தல் என்னும் இந்த வரிசையைப் பட்டறையின் சுவரில் எழுதிவைக்கும் நிலை ஏற்பட்டது.

அண்மைக் காலத்தில் ரெசின் கைவினைக்குத் தமிழ்நாட்டில் பெருகிய தேவை மணமாலைகளால் வந்தது. திருமணத்தன்று மாற்றிக்கொண்ட மாலையின் பூக்களைக் கண்ணாடிபோன்ற ரெசின் பாளத்துக்குள் பதித்து வைத்துக்கொள்ள விரும்பும் குடும்பங்கள், வேறெந்தப் பொருளையும் ஒப்படைக்காத அக்கறையோடு அதனைக் கொண்டுவந்து தருகின்றன. மேசையையோ தட்டையோ கெடுத்தால் மாற்றாக ஒன்று செய்து கொடுக்கலாம், இதற்கு மாற்று கிடையாது. ஆகவே இந்த வேலையில் அடிப்படை விதிகள் அனைத்தும் ஒருசேரச் சோதிக்கப்படுகின்றன. பூவின் ஈரமே முதல் எதிரி. ஈரமுள்ள இதழ் ரெசினுக்குள் குமிழ் விடுகிறது, சில வாரங்களில் பழுப்பேறுகிறது, சில மாதங்களில் சுருங்கித் தன்னைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஒரு வெற்றிடத்தை உண்டாக்கிக்கொள்கிறது. எனவே மாலையைப் பிரித்து, ஒவ்வொரு பூவையும் சிலிக்கா ஜெல் என்னும் ஈரம் உறிஞ்சும் மணிகளுக்குள் நாட்கணக்கில் புதைத்து, இதழ் சருகுபோல் ஒலிக்கும்வரை உலர்த்த வேண்டும். ரோஜா உலரும்போது கறுப்பை நோக்கிச் செல்லும். மல்லிகையும் சம்பங்கியும் எவ்வளவு கருத்தாகச் செய்தாலும் தந்த நிறத்துக்கோ பழுப்புக்கோ திரும்பும். வெண்மை வெண்மையாகவே நிற்கும் என்று வாக்குக் கொடுப்பது நேர்மையன்று. இதனை மாலையை வாங்கும்போதே சொல்லிவிடுவது, பின்னர் ஏற்படும் மனவருத்தத்தைத் தவிர்க்கும் ஒரே வழி. மூன்று நாள் மூடிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருந்து கொண்டுவரப்படும் மாலைகளைக் காணும்போது, திருமண வீட்டாருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஏக்கம் ஒவ்வொரு முகூர்த்த மாதத்திலும் எழுகிறது. காகிதத்திலோ துணியிலோ தளர்வாகச் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாளே தந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பதிக்கும் வேலையும் ஒரே ஊற்றில் முடிவதில்லை. உலர்ந்த பூ இலேசானது. ஆழமாக ஊற்றினால் மிதந்து ஒருபுறம் சாயும். முதலில் மெல்லிய அடித்தளம் ஒன்றை ஊற்றி, அது நகம் பதியும் அளவுக்குக் கெட்டிப்பட்ட நிலையில் பூக்களை அமைத்து, கால்வாசி மட்டும் மூழ்கும்படி இரண்டாம் ஊற்றால் அவற்றை இருத்தி, அதன்பின் மேலே ஏற வேண்டும். நகம் பதியும் நிலை என்பது வெறும் அடையாளமன்று: அந்த நிலையில் அடித்தளத்தின் பரப்பில் இன்னும் மாட்டப்படாத முனைகள் மிகுந்திருப்பதால், புதிய ஊற்று பழையதோடு வேதிப்பிணைப்பாகவே சேர்ந்து, அடுக்குகளுக்கு இடையில் கோடு தெரியாமல் ஒன்றாகிவிடுகிறது. அந்த நேரத்தைத் தவறவிட்டு முழுதும் இறுகிவிட்டால், உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அந்தச் சொரசொரப்பில் பற்றிக்கொள்ளும் பொறிப்பிடிப்பு ஒன்றையே நம்ப வேண்டும். சுருண்ட இதழுக்கு அடியில் ஒளிந்திருக்கும் காற்றை வெளியேற்ற, ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு பூவுக்கும் தூரிகையால் ரெசின் தடவிவிடுவது நேரம் பிடிக்கும் வேலை. ஆனால் மேற்பரப்புக் குமிழ்களை மட்டும் உடைக்கவல்ல தீச்சுடரை இதழ்களின்மேல் காட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். அச்சின் பக்கங்களுக்குச் சிலிக்கோன் நல்லது. அவசரத்துக்குப் பழுப்பு நிறப் பேக்கிங் டேப் ஒட்டிய பலகையும் போதும், ஏனெனில் அந்த நாடாவின் பாலிப்ரோப்பிலீன் பரப்பில் எபாக்சி ஒட்டுவதில்லை. சிலிக்கோன் அச்சின் உட்பரப்பு மங்கலாக இருந்தால் வார்ப்பும் மங்கலாகவே வெளிவரும். பளபளப்பு ரெசினுடையது என்பதைவிட அச்சினுடையது என்பதே சரி.

கோயம்புத்தூர் பகுதியின் வார்ப்பட ஆலைகளுக்கான பேட்டர்ன், அதாவது மணலில் வடிவம் பதிக்கும் மாதிரி உரு, செய்யும் வேலையில் இதே பொருள் முற்றிலும் வேறு முகம் காட்டுகிறது. அங்கே தெளிவும் பளபளப்பும் யாருக்கும் வேண்டாம். அளவு மாறாமல் நிற்பதும், மணல் தேய்ப்பைத் தாங்குவதுமே வேண்டியவை. இறுகும்போது எபாக்சி சுருங்குவது பாலியெஸ்டரைவிடக் குறைவு. அலுமினியப் பொடியைக் கலந்தால் சுருக்கம் இன்னும் குறைவதோடு, உலோகம் வெப்பத்தை வெளியே கடத்திவிடுவதால் தடித்த வார்ப்பும் அமைதியாக இறுகுகிறது. செங்குத்தான பரப்பில் வழியாமல் நிற்க, புகைபோன்ற நுண்சிலிக்காத் தூளைச் சேர்த்துக் களிம்பாக்கிக்கொள்கிறார்கள்.

இறுகிய பின்னும் வெப்பம் எபாக்சியை விடுவதில்லை. சூடான காப்பி நிறைந்த டபரா டம்ளரை ரெசின் தட்டின்மேல் வைத்தெடுத்தால் வட்டமான பள்ளம் பதிவதைப் பலரும் கண்டிருப்பர். திடமான பலபடி, அதாவது மூலக்கூறுகள் தொடராகப் பிணைந்த பொருள், தன் விறைப்பை இழந்து ரப்பரின் தன்மையை அடையும் வெப்பநிலையைக் கண்ணாடி மாற்ற வெப்பநிலை என்பர். அறை வெப்பத்தில் இறுகிய சாதாரண எபாக்சிக்கு அது பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரி வரைதான். வலை இறுக இறுக மூலக்கூறுகளின் நடமாட்டம் நின்றுபோவதால், மாட்டப்படாத முனைகள் அருகருகே இருந்தும் சந்திக்க முடியாமல் தேங்கிவிடுகின்றன. சில நாள் கழித்து, பொருளை 60 டிகிரி அளவுக்குப் படிப்படியாகச் சூடேற்றிச் சில மணி நேரம் வைத்தால் அந்த முனைகளும் மாட்டிக்கொள்ள, தாங்கும் வெப்பமும் உயர்கிறது. கோடையில் ஒரு தொல்லையாகவே இருந்த தகரக் கொட்டகையின் நண்பகல், இந்த ஒரு வேலைக்குச் செலவில்லாத அடுப்பாகிறது. ஆனால் மஞ்சளிப்பதை அப்படிச் சரிசெய்ய இயலாது. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் எபாக்சியை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. புட்டியில் சேர்க்கப்படும் தடுப்பான்கள் அதனைத் தள்ளிப்போடுமேயன்றி நிறுத்துவதில்லை. மணமாலைப் பாளத்தைச் சன்னலோரத்தில் வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புவது அதனால்தான்.

எல்லாவற்றிலும் அலட்சியம் செய்யப்படுவது கைதான். இறுகாத எபாக்சியும் ஹார்டனரும் தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமையை ஏற்படுத்துகின்றன. அது பல மாதம், சில வேளை பல ஆண்டு, எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்துவிட்டுத் திடீரென அரிப்பாகவும் கொப்புளமாகவும் வெளிப்படுகிறது. ஒருமுறை உடல் கற்றுக்கொண்டுவிட்டால் மறப்பதில்லை. அம்பத்தூர்ப் பட்டறையில் எல்லோரிலும் நேர்த்தியான கைவேலைக்காரராக இருந்த ஒருவர், ரெசின் குவளை திறக்கும் அறைக்குள் நுழைந்தாலே கண்ணிமை வீங்கும் நிலைக்கு வந்து தொழிலையே விட வேண்டியதாயிற்று. அவர் கையிலிருந்த ரெசினை நாள்தோறும் அசிடோனால் துடைத்தவர். கரைப்பான் ரெசினைக் கழுவுவதைவிடத் தோலுக்குள் கொண்டுசெல்லவே உதவுகிறது என்பதை அங்கு யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நைட்ரைல் கையுறையும், கை கழுவச் சோப்பும் நீரும், இறுகியதைத் தேய்க்கும்போது தூசு தடுக்கும் முகமூடியும், காற்றோட்டமும் இருந்திருந்தால் அந்தக் கை இன்றும் வேலை செய்துகொண்டிருக்கும். வீட்டின் சமையலறை மேசையில், குழந்தைகள் விளையாடும் இடத்தில், கையுறையில்லாமல் ரெசின் ஊற்றும் புதியவர்களைக் காணும்போது இந்த நினைவே முந்திக்கொண்டு வருகிறது.

ஒவ்வொரு ஊற்றுக்குப் பின்னும் குவளையில் சிறிது மீந்துபோகும். அதை எறியாமல், தேதியையும், நேரத்தையும், எடைகளையும், கொட்டகையின் வெப்பநிலையையும் குவளையின்மேல் எழுதி, வார்ப்பின் பக்கத்திலேயே வைத்துவிடுவது வழக்கமாயிற்று. வார்ப்பைத் தொட்டுப் பார்க்கும் ஆசை எழும்போதெல்லாம் நகத்தை அந்தக் குவளையில் அழுத்திப் பார்க்கலாம். நகம் பதிந்துகொண்டிருக்கும்வரை அச்சைத் திறப்பதில்லை. பதியாத நாளிலிருந்து மேலும் ஐந்து நாள் எண்ணிய பிறகே மாலை அதற்குரிய வீட்டுக்குப் போகிறது.